காலண்டர் கம்பெனியில் ஒரு தேடல் பெட்டி

சர்வரில் தேடல் மென்பொருள் நிறுவுகிற தொழிலில் ஒரு சங்கடம் உண்டு: வாரக்கணக்கில் உட்கார்ந்து வேலையை முடித்துவிட்டு எழுந்தால், வாடிக்கையாளரின் கண்ணுக்குத் தெரிவது திரையின் நடுவில் இருக்கும் ஒரு வெற்றுப் பெட்டி மட்டும்தான்.

மேசை செய்கிறவர் மேசையைக் காட்டலாம். கிணறு வெட்டுகிறவர் தண்ணீரைக் காட்டலாம். நாம் எதைக் காட்டுவது? சி.டி.யில் பதிந்து கொண்டுபோன மென்பொருளை ஏற்றும்போது ஏதோ ஒரு லைப்ரரி இல்லை என்று அது பாதியில் நின்றது, அந்த லைப்ரரியைக் கொண்டுவந்தால் அது தனக்கு இன்னொன்று வேண்டும் என்றது, கான்ஃபிகரேஷன் ஃபைலில் ஒரு சாய்கோடு விட்டுப்போனதற்காக ஒரு பகல் வீணானது, இதையெல்லாம் யாரிடம் சொல்வது? வாசிப்பவர்களில் அந்த வேலை பார்த்தவர்கள் சிலராவது இருப்பீர்கள். உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாயிரத்துகளின் நடுவில், எங்கள் பக்கத்துக்கு பிராட்பேண்ட் அப்போதுதான் வந்திருந்தது. நான் விருதுநகரில் குடியிருந்தேன். வேலை பெரும்பாலும் சிவகாசியில். இங்கே எழுதியிருப்பவை எல்லாம் அங்கே ஒரே ஒரு காலண்டர் கம்பெனியில் நடந்தவை.

டப்பா

கம்பெனி முதலாளியை எல்லாரும் அண்ணாச்சி என்றுதான் சொல்வார்கள். அவருக்கு இரண்டு மகன்கள். மூத்தவர் மெஷின் பகுதியைப் பார்த்துக்கொண்டார். இளையவர் கதிர், மதுரையில் கம்ப்யூட்டர் படித்துவிட்டு வந்திருந்தார். அண்ணாச்சிக்குச் சாத்தூரில் ஒரு தீப்பெட்டிக் கம்பெனியில் பங்கு இருந்தது. அங்கே போய் உட்கார ஒரு ஆள் வேண்டும். அது கதிர்தான் என்பது வீட்டில் முடிவான விஷயம். கதிருக்கு அதில் இஷ்டமில்லை. காலண்டர் படங்களை சர்வரில் போட்டுவைத்தால் வெளியூர் ஏஜெண்டுகள் அவரவர் ஊரிலிருந்தே தேடிப் பார்த்து ஆர்டர் கொடுப்பார்கள், அந்த வேலையை நான் இங்கேயே இருந்து பார்க்கிறேன் என்று அப்பாவிடம் மன்றாடினார். அண்ணாச்சி கடைசியில் இறங்கிவந்தார். "ஒரு சீசன் தாரேன். ஓடுச்சுன்னா இங்கன இரு. ஓடலைன்னா சாத்தூரு." அதற்குப் பிறகுதான் கதிர் என்னைத் தேடி விருதுநகருக்கு வந்தார்.

மென்பொருளை நிறுவி, சோதனைக்காகப் போன வருடத்துப் படங்களை ஏற்றி, அண்ணாச்சியைக் கூப்பிட்டுக் காட்டினோம். கதிர் வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தார். அண்ணாச்சி கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரைக்குக் கிட்டத்தில் வந்து பார்த்தார். பிறகு மானிட்டரின் பின்பக்கமாக எட்டிப் பார்த்தார். அங்கேயும் ஒன்றுமில்லை.

"இம்புட்டுத்தானா தம்பி? ஒரு டப்பா. அதுலயும் நான்தான் எழுதணுமாக்கும்."

எல்லாம் லட்சுமி

தேடல் மென்பொருளுக்குப் படம் தெரியாது. சொல்தான் தெரியும். ஆகவே ஒவ்வொரு படத்துக்கும் அது இன்னது என்று யாராவது எழுத வேண்டும். அந்தப் பொறுப்பு மும்தாஜிடம் வந்தது. ஆபீஸில் டெலிபோன் ஆர்டர் எடுப்பவர் அவர்தான். அவருடைய அத்தா அதே கம்பெனியில் ஆஃப்செட் மெஷின் ஓட்டியவர். எழுத்துருத் தொல்லைக்குப் பயந்து எல்லாவற்றையும் ஆங்கில எழுத்தில் அடிக்கச் சொன்னேன். சாமியின் பெயர், நிறம், அளவு என்று நான் மூன்று கட்டங்கள் போட்டுக் கொடுத்தேன். மும்தாஜ் ஒழுங்காக அடித்து முடித்தார்.

லட்சுமி என்று தேடினோம். கடைக்காரர்களுக்குக் காட்டுகிற மாதிரிப் படங்களின் ஆல்பத்தில் பாதி வந்து நின்றது. சிவப்புச் சேலை என்று சேர்த்தோம். அதே பாதி மறுபடியும் வந்தது. கதிர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மென்பொருள் தப்பாக ஒன்றும் செய்யவில்லை. எந்த முடிவை முதலில் காட்டுவது என்று தீர்மானிக்க அதற்கு ஒரு வழியும் நாங்கள் கொடுத்திருக்கவில்லை. அப்புறம் மும்தாஜ், போனில் ஏஜெண்டுகள் எப்படிக் கேட்பார்களோ அப்படியே அடிக்க ஆரம்பித்தார். நகைக்கடை லட்சுமி. யானை தும்பிக்கை தூக்கின லட்சுமி. கண்ணு நம்மளப் பாக்குற லட்சுமி. மறுபடி தேடியபோது வேண்டியது மட்டும் வந்தது. கதிர் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார். முதலிலேயே ஏன் இப்படிச் சொல்லவில்லை என்று மும்தாஜிடம் கேட்டேன்.

"நீங்க கட்டம் போட்டுக் குடுத்தீக, ரொப்புனேன். சிவகாசியில லட்சுமின்னு தேடுனா மொத்த ஊரும்தான் சார் வரும்."

மெயின் சுவிட்ச்

இதை மட்டும் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும். தேடல் மென்பொருள் நாம் கேட்கிற நேரத்தில் தேடுவதில்லை. சர்வரில் உள்ள பக்கங்களை முன்கூட்டியே ஒரு முறை வாசித்து, எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் என்று குறித்துக்கொள்கிறது. புத்தகத்தின் கடைசியில் இருக்கும் சொல்லடைவு மாதிரி. இண்டெக்ஸ் என்போம். யாராவது கேட்டால் அந்தக் குறிப்பைப் பார்த்துத்தான் பதில் சொல்லும். புதிதாக ஏதாவது சேர்ந்திருந்தால், மறுபடி இண்டெக்ஸ் போடுகிற வரை அதற்குத் தெரியாது. எல்லா ஊரிலும் செய்வதுபோல நானும் இரவில் தானாக இண்டெக்ஸ் போடும்படி அமைத்துவிட்டு வந்தேன்.

ஒரு நாள்கூட அது நடக்கவில்லை. மும்தாஜ் புதிதாக அடித்தது எதுவும் தேடலில் வரவில்லை. மென்பொருளைப் பிரித்துப் போட்டுப் பார்த்தேன். அனுமதிகளைப் பார்த்தேன். கடிகாரத்தைச் சரி செய்தேன். கதிர் பக்கத்தில் உட்கார்ந்து, "அப்பாவுக்குத் தெரிஞ்சிருமோ சார்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் வாட்ச்மேன்தான் போகிறபோக்கில் சொன்னார், சாயங்காலம் கடைசி ஆள் வெளியே வந்ததும் அவர் மெயினை இறக்கிவிடுவாராம். பேப்பர் அடுக்கியிருக்கிற இடத்தில் ராத்திரி கரண்ட் ஓடக் கூடாது. பட்டாசுக் கம்பெனியோ அச்சுக் கம்பெனியோ, அந்த ஊரில் அது மாற்ற முடியாத சட்டம். சர்வருக்கு மட்டும் தனி வயர் இழுக்கலாமா என்று அண்ணாச்சியிடம் கேட்டேன். ராத்திரியில் நம் வலைத்தளத்தையே யாரும் பார்க்க முடியாமல் போகிறது என்றும் சொன்னேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். அன்றிலிருந்து இண்டெக்ஸை மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு மாற்றினேன்.

"ராத்திரி எவன்ய்யா காலண்டர் வாங்குவான்? அவனும் தூங்கட்டும், பெட்டியும் தூங்கட்டும்."

காலியிடம்

சோலையப்பன் ஆல்பம் தூக்குகிறவர். ரெக்ஸின் பையில் கனமான ஆல்பத்தை வைத்துக்கொண்டு, பஸ்ஸில் ஊர் ஊராகப் போய் கடைக்காரர்களிடம் காட்டி ஆர்டர் எடுத்து வருவார். தேடல் பெட்டி வந்தால் முதலில் வேலை போகப்போவது அவருக்குத்தான் என்று ஆபீஸில் கேலி பேசினார்கள். அவரும் அந்தக் கேலியில் சேர்ந்துகொண்டார். "பெட்டிக்கு பஸ்ஸுல சீட்டு கிடைக்குமால?" என்பார். ஒருநாள் கதிர் அவரைத் திரை முன்னால் உட்காரவைத்தார்.

அவர் ஒற்றை விரலால் முருகன் என்று அடித்தார். படங்கள் வந்தன. ஒன்றைத் திறந்து வெகுநேரம் பார்த்துவிட்டு, இது காலண்டர் இல்லை, வெறும் படம் என்றார். ஆல்பத்துத் தாளில் படத்துக்குக் கீழே கடைப் பெயர் அச்சடிக்கக் காலியிடம் இருக்கும். கடைக்காரர் அந்தக் காலியிடத்தில்தான் விரலை வைத்துப் பார்ப்பார். நாங்கள் படத்தை மட்டும் வெட்டிப் போட்டிருந்தோம். கதிர் அன்றைக்கே உட்கார்ந்து எல்லாப் படங்களுக்கும் கீழே வெள்ளைப் பட்டை சேர்த்தார். மறுநாள் சோலையப்பனைக் கூட்டிவந்து காட்டினார். அவர் தலையை ஆட்டினார். உங்க வேலைக்கு ஒண்ணும் ஆகாதுண்ணே, ஆர்டர் கூடத்தான் செய்யும், நான் பார்த்துக்கிறேன் என்று கதிர் சொன்னபோது அவர் சிரித்துவிட்டார்.

"எனக்கென்ன, இந்தப் பைய எந்தக் கம்பெனியிலயும் குடுப்பாக. நீங்க உங்களப் பாருங்க சின்ன மொதலாளி, சாத்தூருக்குப் போனா தீக்குச்சியத்தான் எண்ணணும்."

முதல் ஆர்டர்

சிவகாசியில் புது ஆல்பம் ஆடிப் பதினெட்டில்தான் வெளியே வரும். அதுவரை படங்கள் முதலாளியின் பீரோவில் இருக்கும். முன்னதாக ஒரு படம் கசிந்தாலும் நாலு கம்பெனியில் அதே படம் வந்துவிடும். கதிர் எவ்வளவோ கேட்டுப் பார்த்தார். முந்தின நாளே சர்வரில் ஏற்றி இண்டெக்ஸ் போட்டு வைத்துக்கொள்கிறோம், யாருக்கும் காட்ட மாட்டோம் என்றார். பூஜை முடியாமல் படம் பெட்டியில் ஏறக் கூடாது என்று அண்ணாச்சி சொல்லிவிட்டார். அப்பாவின் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு, மும்தாஜ் பாணியில் விவரங்களைக் கதிரே அடித்தார். படங்களும் விவரங்களும் ஒரே சி.டி.யில் ஏறின. அந்த சி.டி. அன்று காலை ஆல்பத்தோடு சாமி படத்துக்கு முன்னால் இருந்தது. அதற்கும் சந்தனம் வைத்திருந்தார்கள். கற்பூரம் காட்டி முடிந்ததும் கதிர் அதைத் துணியால் துடைத்து என்னிடம் ஓட்டமாகக் கொண்டுவந்தார். சர்வர் இருந்தது பின்கட்டில், ஏ.சி. இருந்த ஃபிலிம் அறையில். புதுப் படங்கள் ஏறி, இண்டெக்ஸ் முடிய மதியம் ஆகும். அதுவரை தேடினால் போன வருடத்துப் படங்கள்தான் வரும். ஆகவே முன்னறையில் இருந்த கம்ப்யூட்டரை உறை போட்டு மூடிவைத்திருந்தார் கதிர். மதியத்துக்கு மேல் திறக்கலாம் என்று அப்பாவிடமும் சொல்லியிருந்தார்.

காரியாபட்டியில் பாத்திரக்கடை வைத்திருந்த ஒருவர் வருடாவருடம் முதல் ஆர்டர் கொடுப்பார். ராசியான கை. அவர் அன்று பூஜை முடிந்த கையோடு வந்துவிட்டார். சந்தோஷத்தில் அண்ணாச்சிக்கு மதியமாவது ஒன்றாவது. இந்த வருசம் ஆல்பத்தைப் புரட்ட வேண்டாம், இங்கன வந்து பாருங்க என்று அவரைக் கூட்டிப்போய், உறையை அவரே எடுத்து, மானிட்டருக்குப் பொட்டு வைத்து, மும்தாஜை அடிக்கச் சொன்னார். முன்னறையிலிருந்து சிரிப்புச் சத்தம் எனக்குக் கேட்டது. நல்ல சகுனம் என்று நினைத்துக்கொண்டேன். இண்டெக்ஸ் முடிந்துவிட்டதைச் சொல்லலாம் என்று நான் முன்னறைக்குப் போனபோது ஆர்டர் எழுதி, தாம்பூலமும் மாற்றியாகியிருந்தது. மவுஸ் அண்ணாச்சியின் கையில் இருந்தது. அதை அவர் தொட்டு நான் பார்த்ததில்லை. நாற்காலிக்குப் பின்னால் கதிர் நின்றுகொண்டிருந்தார். திரையில், குடத்தில் கை விட்டிருக்கும் குழந்தைக் கிருஷ்ணன். போன வருடத்துப் படம். கதிர் என்னை ஏறெடுத்துப் பார்க்கவில்லை. பாத்திரக்கடைக்காரர் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"போன வருசமும் இதே மாதிரி ஒண்ணு பாத்தேன் அண்ணாச்சி. அதவிட இது லட்சணமா இருக்கு."

விற்றுப்போன ஃபிலிம்

பாத்திரக்கடைக்காரர் படியிறங்கிப் போன பிறகு, அது போன வருடத்துப் படம் என்று மும்தாஜ்தான் அண்ணாச்சியிடம் மெல்லச் சொன்னார். அவருக்கும் அடிக்கும்போதே தெரியும். சின்ன முதலாளி சும்மா நிற்கிறாரே, நாம் எப்படிச் சொல்வது என்று இருந்துவிட்டார். ஆடிப் பதினெட்டில் வாங்கிய முதல் ஆர்டரைத் திருப்பவோ மாற்றவோ அண்ணாச்சி சம்மதிக்க மாட்டார். சீசனில் மெஷினில் முதலில் ஏறுவதும் அதுதான். ஆனால் அச்சுத் தகடு எடுக்க அந்தப் படத்தின் ஃபிலிம் இல்லை. சீசன் முடிந்ததும் பழைய ஃபிலிமையெல்லாம், அதில் படிந்திருக்கும் வெள்ளியைப் பிரித்தெடுப்பவர்களிடம் எடைக்குப் போட்டுவிடுவது அங்கே வழக்கம். சர்வரில் இருந்த படம் உள்ளங்கை அளவு. அதை வைத்து அச்சடிக்க முடியாது. வரைந்தவரைத் தேடிப் பிடித்து, மூலப்படம் வாங்கி, புதிதாக ஃபிலிம் எடுக்க வேண்டியிருந்தது. அது வந்து சேரும்வரை பெரிய மெஷின் சும்மா நின்றது. பின்னால் வந்த ஆர்டர்கள் காத்திருந்தன. காத்திருக்க முடியாதவர்கள் வேறு கம்பெனிக்குப் போனார்கள்.

அண்ணாச்சி என்னிடம் கோபப்படவில்லை. மென்பொருளையும் திட்டவில்லை. புதுப் படங்கள் தேடலில் சரியாக வந்தன, வெளியூரிலிருந்து ஆர்டர்களும் வந்தன. நான் முன்னறைக் கம்ப்யூட்டரில் ஏதோ சரிபார்த்துக்கொண்டிருந்த ஒரு காலையில் அவர் மகனைக் கூப்பிட்டார். நான் எழுந்திருக்கப் போனேன். இருங்க தம்பி என்றார்.

"அன்னிக்கு நீ பாத்தியா, பாக்கலியா?"

"பாத்தேம்ப்பா."

"பழைய படம்னு தெரியும்ல?"

"தெரியும்."

"பெறகு ஏம்லே வாயத் தொறக்கல?"

கதிர் மானிட்டரைப் பார்த்தார். "நீங்க மொத மொத மவுஸப் புடிச்சிருந்தீக. சிரிச்சுக்கிட்டு இருந்தீக" என்றார்.

அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார். இப்போது ஏதாவது நல்லதாகச் சொல்லப்போகிறார் என்று நான் நினைத்தேன். கதிரும் அப்படித்தான் நினைத்திருப்பார். அவர் கொஞ்சம் முன்னால் வந்து நின்றார்.

"யாவாரத்துல அப்பன் மூஞ்சியப் பாக்கக் கூடாது, சரக்கப் பாக்கணும். நீ சாத்தூருக்குக் கிளம்பு."

சாத்தூர்

அடுத்த ஆடிக்கு முன்னால் ஒருமுறை திருநெல்வேலிக்குப் போகும் வழியில் சாத்தூரில் இறங்கி கதிரைப் பார்த்தேன். தீப்பெட்டிக் கம்பெனியின் முன்னால் சின்ன ஆபீஸ். மெழுகு வாசனை. மேசையில் கம்ப்யூட்டர் இல்லை. டீ வாங்கிவரச் சொன்னார். கொஞ்சம் பெருத்திருந்தார். தீப்பெட்டி லேபிள் பற்றியும் லாரி பற்றியும் பேசினோம். அதற்கு முன்பு அண்ணாச்சியிடம் நான் ஒருதடவை பேச்சுவாக்கில் கேட்டிருந்தேன், கதிரைத் திரும்பக் கூப்பிட்டுக்கொள்ளலாமே என்று. அவன் அங்கன நல்லா இருக்கான் தம்பி என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிட்டார். அதைக் கதிரிடம் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது?

பெட்டி எப்படி ஓடுகிறது என்று அவரே கேட்டார். மதியம் இண்டெக்ஸ் முடிந்துவிட்டது என்று மும்தாஜ் வந்து சொன்ன பிறகுதான் அண்ணாச்சி சாப்பிட உட்காருகிறார் என்றேன். வருகிறவர்களை எல்லாம் நிறுத்தி வைத்து, அவரே ஒவ்வொரு எழுத்தாக அடித்துக் காட்டுகிறார் என்றேன். பழைய ஃபிலிமையும் இப்போது எடைக்குப் போடுவதில்லை. சோலையப்பன் பஸ்ஸில் போய்க்கொண்டுதான் இருக்கிறார். கிளம்பும் முன் பெட்டியில் நாலு படம் பார்த்துவிட்டுப் போகிறார். கதிர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். ஒவ்வொன்றுக்கும் சரி, சரி என்றார். டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, வெளியே பஸ் வருகிறதா என்று எனக்காக எட்டிப் பார்த்தார்.

"அப்பா அப்பப்ப போன் பண்ணுவாக சார். பெட்டி மெதுவா இருக்கு, என்ன செய்யணும்னு கேப்பாக. நான் சொல்வேன். சரின்னுட்டு வச்சிருவாக."

நான் நிறுவிய தேடல் பெட்டிகளில் இன்றுவரை குறையொன்றும் இல்லாமல், ஒரு நாள்கூட மெதுவாகாமல் ஓடியது அது ஒன்றுதான், அதைக் கேட்டு வாங்கியவருக்குத்தான் அதன் முன்னால் உட்கார இடம் கிடைக்கவில்லை.